வாட்சைக் கழற்றும் கை

ஜெயராணி அக்கா இறந்துபோனார் என்று பிரசாந்த் போனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆளா?" என்பதுதான். எப்போது, எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான் வாயில் வந்தது. டோம்பிவிலி ரயிலின் நெரிசலில் இருந்தவன் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னான்: "இல்ல, நெஞ்சுவலி. தையல் மெஷின்ல உக்காந்திருக்கும்போதே." மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, ஒரு சாவுச் செய்திக்கு நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்காக வெட்கப்படவில்லை. அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செம்பூரில் ஞாயிறுதோறும் நடந்த சினிமாப் பயிற்சி வகுப்பில்தான் அவரைச் சந்தித்தேன். நாங்கள் எல்லாம் கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த பிள்ளைகள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தாராவியில் தோல் பை தைப்பவர். முதல் நாள், ஏன் வந்தீர்கள் என்று ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேட்டார். கலை, கனவு என்று நாங்கள் அளந்துவிட்டோம். அக்கா எழுந்து, வெளிச்சம் இல்லாத வீட்டில் போனில் எடுத்தால் ஆள் முகம் தெளிவாக விழ என்ன செய்ய வேண்டும், அதைக் கற்கத்தான் வந்தேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கல்யாண வீடியோ தொழிலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை எடுத்து வரச் சொன்னார்கள். எங்கள் குழுவில் இயக்கம் நான், கேமரா பிரசாந்த், ஒலி அக்கா. என் கதையில் முதல் காட்சியிலேயே ஒரு பெண்ணின் கழுத்து அறுபடும். ரோஸ் சிரப், சோள மாவு, கொஞ்சம் காப்பித்தூள் என்று ஒரு லிட்டர் ரத்தம் தயாரித்தேன். இரும்பு ஏணி வழியே ஏற வேண்டிய அக்காவின் வீட்டு மாடியறையில் நானே பிணமாகப் படுத்தேன். தாராவியில், பட்டப்பகலில், சர்க்கரைப் பாகைக் கழுத்தில் பூசிக்கொண்டு படுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேட்டையின் ஈக்கள் மொத்தமும் வந்து இறங்கின. ஒன்று மூக்கில் நுழைந்தது. பிணம் எழுந்து உட்கார்ந்து தும்மியது. அக்கா சிரித்துச் சிரித்து மெஷின்மேல் சாய்ந்துவிட்டார்.

எலும்பு முறியும் சத்தத்துக்கு ஈரத் துண்டில் முறுக்கைச் சுற்றி உடைத்துப் பதிவு செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை. ஹெட்போனில் அதைக் கேட்டதும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"எலும்பு முறிஞ்சா இப்படிச் சத்தம் வராதுளா. வெளியே ஒண்ணும் கேக்காது. நமக்கு உள்ளுக்குள்ளதான் கேக்கும்."

பிரசாந்த் என்னைப் பார்த்தான். நான் முறுக்கைப் பார்த்தேன். அன்றுதான் அவர் சொன்னார். பதினான்கு வருஷம். கோபர்கைரனேயில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்ட பிறகும் அவர் புருஷன் நினைத்தபோது வருவார், அடிப்பார், போவார். குக்கர் மூடியால் ஒருமுறை, இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை. இடது மணிக்கட்டு இரண்டு தடவை முறிந்திருக்கிறது. கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னார், குரல் உடையவே இல்லை. பிறகு என் கதைத்தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ரத்தம்லாம் வேண்டாம். அடிக்கதுக்கு முன்ன அவரு வாட்ச கழட்டுவாரு. அந்த அரிசி டின் மேல வைப்பாரு. கண்ணாடி ஒடஞ்சிரக் கூடாதுல்லா. அந்தச் சத்தம்தான் பயம். அடி விழுந்த பொறவு பயம் கெடையாது, வலிதான்."

திகில் படம் பற்றி வகுப்பில் எட்டு மாதம் கேட்டதெல்லாம் இந்தச் சில வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு அதையே எடுத்தோம். ஆண் கை யாருடையது என்ற பேச்சு வந்தபோது பிரசாந்த் தயங்கினான். அக்கா முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டு, பெரிய வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு தானே செய்தார். முகம் கிடையாது. கை வாட்சைக் கழற்றும். தகர மூடிமேல் டங்கென்று வைக்கும். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிக்கும். மானிட்டரில் அந்தக் கைக்கு அவசரமே இல்லை.

திரை இருட்டான பிறகு வரும் அலறலையும் அவரே கொடுத்தார். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடப் போகிறார்களே என்று ஹிந்தியில் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா மூன்று தடவை அலறினார். ஒருவரும் வரவில்லை. பதிவை ஓட்டிக் கேட்டோம். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. அலறல் தொடங்கியதும் அதன் வேகம் கூடுகிறது.

"முத்துலெச்சுமி மிக்ஸி. நான் கத்துனா கூட்டி வைப்பா" என்றார் அக்கா. அதை நீக்கிவிடலாம் என்றேன். "அத எடுத்துட்டா படமே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

படம் முடிந்தும், வெளிச்சத்தைத் திருப்ப நாங்கள் வைத்திருந்த தெர்மோகோல் பலகையை அவர் எடுக்க விடவில்லை. ட்யூப்லைட்டையும் அரிசி டின்னுக்கு நேரே மாற்றிப் பொருத்திவிட்டார். போன் வைக்க அலமாரியில் ஓர் இடம் ஒழித்தார். முன்பு ஒருமுறை அடி வாங்கும்போது எடுத்த வீடியோவைப் போலீசில் காட்டியிருக்கிறார். ஒரே இருட்டு, யார் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் படம் அவருக்கு ஒத்திகை. நிஜமாக எடுக்க அவர் இன்னொருமுறை அடி வாங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். மெஷின் இங்கே இருக்கிறதே என்றார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்ற யோசனை எனக்கு. அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வகுப்பில் கைதட்டல் வாங்கிய அந்த இரண்டு நிமிடத்தை அக்கா ஒரே ஒருவருக்குத்தான் போட்டுக் காட்டினார். முத்துலட்சுமி தன் மிக்ஸியின் சத்தத்தைத் தானே கேட்டார். பாதி நறுக்கிய பீன்ஸோடு எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த மனிதர் வந்தார். அந்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். வாட்ச் கழல்கிறது. டின் மேல் உட்காருகிறது. முடியைப் பற்றித் தலையை இரும்பு ஏணியில் மோதுகிறார், ஒன்று, இரண்டு. மூன்றாவதில் அக்காவின் முன்பல் தெறித்து விழுவது தெளிவாகத் தெரிகிறது. அவ்வளவு நல்ல வெளிச்சம். அதுவரை பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நிற்கிறது. ஏணியில் தடதடவென்று காலடிகள். முத்துலட்சுமி ஜாரோடு வந்து அதை அந்த ஆளின் மண்டையில் இறக்குகிறார். சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி, அதன்மேல் அவர் ரத்தம். பின்னாலேயே இன்னும் நாலு பெண்கள் ஏறுகிறார்கள். அந்த ஆள் வாட்சை விட்டுவிட்டு ஓடினார், தெருமுனையில் பிடித்துக் கட்டிவைத்தார்கள்.

இந்த முறை போலீசில் யாரும் இருட்டு என்று சொல்லவில்லை. அவர் உள்ளே போனார்; என்றைக்காவது வெளியே வந்துவிடுவாரே என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. அக்கா கட்டுப்பல்லோடு ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். எந்தப் படத்துக்குக் கூட்டிப்போனாலும் லைட்டிங் சரியில்லை என்று காதோடு குறை சொல்லி என்னைப் பார்க்க விடமாட்டார். அடிபட்டுச் சாகவில்லை அவர். வேலை செய்துகொண்டிருந்தபோது, பாதி தைத்த பையின் மேல் தலை சாய்த்துப் போனார். எத்தனையோ இரவு நான் பயந்த சாவு இது இல்லை.

நேற்று மத்தியானம் உடலை அந்தச் செங்குத்து ஏணி வழியே இறக்க முடியாமல் போர்வையில் கட்டி இறக்கினார்கள். சந்து நிறைய ஆட்கள். எங்கோ ஒரு மாடியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் காலருகே நின்று அழுதுகொண்டிருந்த முத்துலட்சுமி நிமிர்ந்து, "யாருளா அது? நிப்பாட்டு" என்றார்.

நின்றது.

போய் வாருங்கள், அக்கா. கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வெளியேதான் நிற்கிறார்கள்.