ஆடி மாதத்தில் எழுதிய அடமானம்

ஆரணியில் வட்டிக்கு விடும் தணிகாசல முதலியாரின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சவரிமுத்துவின் தறி நின்றுவிடும். பட்டு நெய்யத் தெரிந்தவனுக்கு வாய்தா சொல்லத் தெரியாது. வீட்டில் ஆளில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பான். வெளியே போய்ப் பேசுவது எப்போதும் அவன் மனைவி அமலோற்பவம்தான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இல்லாவிட்டால் வீடு என்றைக்கோ போயிருக்கும்.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக முதலியாரிடம் அடமானம் வைத்த வீடு அது. பத்து வருஷமாக வட்டி கட்டியும் அசல் இருநூறு ரூபாய் அப்படியே நின்றது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்திரம் முடியும். அன்றைக்கு ஊரில் என்ன வட்டி நடக்கிறதோ அந்த வட்டிக்குப் புதுப் பத்திரம். இந்தத் தையில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயாக இருந்ததை முதலியார் ஒன்றரையாக ஏற்றிவிட்டார். முடியாதென்றால் பணத்தைக் கீழே வை, இல்லை வீட்டை விடு என்றார்.

அமலோற்பவம் முதலில் நாலு வீடு கேட்கத் திட்டினாள். திட்டி முடித்த பிறகுதான் யோசித்தாள். பேராசை என்றால் அது பன்னிரண்டு மாசமும் இருக்குமே, தையில் மட்டும் ஏன் ஏறுகிறது? பட்டு வியாபாரிகளின் வீடுகளுக்குப் போய் நூல் இழைத்துக் கொடுப்பவள் அவள். அங்கே நடக்கிற பேச்சு காதில் விழாமல் போகாது. தையில் அறுப்பு, ஊர்ப் பணமெல்லாம் நெல் வாங்க வண்டியேறிப் பக்கத்து நெல் சந்தையான களம்பூருக்குப் போய்விடும். கூடவே கல்யாணக் காலம் என்று பட்டு வியாபாரிகளும் கடன் கேட்டு நிற்பார்கள். பெட்டி காலி, நீளுகிற கையோ பத்து. வட்டி ஏறாமல் என்ன செய்யும்? ஆடியில் எல்லாம் தலைகீழ். நெல் விற்ற பணம் திரும்பி வந்து பெட்டியில் தூங்கும். கல்யாணம் கிடையாது, மனை வாங்குவது கிடையாது. ஆடியில் பத்திரம் எழுதினால் விளங்காது என்று ஒருவனும் கடன் கேட்டு வரமாட்டான்.

இந்த வீட்டுப் பத்திரமோ, நல்ல மாசமென்று பார்த்துத் தையில் எழுதியது. அதனால் முடிவதும் தையிலேயே. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏது தையும் ஆடியும்? ஊரோடு சேர்ந்து சவரிமுத்துவும் நாள் பார்த்தான், அவ்வளவுதான்.

“ஒன்றரைக்கே எழுதிக்கலாம் முதலியாரே,” என்றாள் அமலோற்பவம். “ஆனா ரெண்டு வருசம் வேணாங்க. ஆடி வரைக்கும் போதும்.”

முதலியாருக்குச் சிரிப்பு வந்தது. “ஆடியில யாரும்மா உனக்குப் பணம் குடுப்பான்? எங்கிட்டதான் வந்து நிக்கணும்.”

“நிக்கிறேங்க.”

அவர் போனதும் சவரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். “இன்னாமே பண்ணிட்ட? ஆடியில வூடு பூடும்.”

“பூடாதுய்யா. நீ நெய்யி.”

மாசம் ஒரு ரூபாய் கூடுதலாகப் போனது. அதற்காக இன்னும் இரண்டு வீட்டு நூலை வாங்கி இழைத்தாள். கணக்குத் தப்பினால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. புருஷனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்ததும் அவள் முதலியாரிடம் போகவில்லை. கடைத்தெருவின் மறுகோடியில் வட்டிக்கு விடும் கந்தசாமி செட்டியாரிடம் போனாள். அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டவுடன் முக்கால் ரூபாய் என்றார். ஆடிப்பெருக்கு நல்ல நாள்தான், அன்றைக்கு எழுதலாம் என்று நாளையும் அவரே கண்டுபிடித்தார். செய்தி காதுக்கு எட்டியதும் முதலியார் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றார். உள்ளே தறி வழக்கம்போல் நின்றது.

“இத்தினி வருசப் பழக்கத்த வுட்டுட்டு செட்டியார்கிட்ட போறியே, நாயமா? நானும் முக்காலுக்கே எழுதறேன். ஜல்தியா வா.”

“வர்றேங்க. ஆனா இந்த வாட்டி அஞ்சு வருசத்துக்கு எழுதுங்க. நடுவுல காசு சேந்தா அசல்ல கட்டுவோம், அதுக்கும் ஒத்துக்கணும்.”

முதலியார் கடைத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெட்டியில் தூங்குகிற பணத்தையும் நினைத்துக்கொண்டார் போல.

“சரி, எழுதிக்கலாம்,” என்றார்.

அடுத்த தையில் ஆரணியில் வட்டி இரண்டு ரூபாய்க்கு ஏறியது. தெருவே புலம்பியது. முதலியார் வசூலுக்கு அதே வழியாக வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் அமலோற்பவம் இழைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே காது கொடுத்தாள். தறி ஓடிக்கொண்டே இருந்தது.