குட்டை நெல்லின் மரபணுவைப் பிடித்த கதை

நெல்லின் உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுத் தேடுவது என் தொழில். கணக்கைவிட, அதை அடுத்தவருக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம் என்பது என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

வரப்பில் ஒரு போன்

செலியமேட்டில் ஏழுமலை அண்ணன் நிலத்தில் எங்கள் சோதனை நெல். பேயீசியன் என்று ஒரு கணக்கு முறை. முன்பே தெரிந்ததையும் புதிதாக அளந்ததையும் சேர்த்து, மரபணு எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். ஒருநாள் சிக்னல் சரியில்லாமல், என் பேராசிரியரிடம் போனில் கத்தினேன்: "பேயீசியன் ஓட்டிட்டேன் சார். மூணு நாள் ஓட்டினேன்."

களை எடுத்துக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா நிமிர்ந்து பார்த்தார். மதியம் மோர் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "பேய் ஓட்றதுக்கா இவ்ளோ படிச்ச? எங்க அண்ணி வூட்லயும் ஒரு தொல்ல கீது, வந்து பாக்கறியாம்மா?"

இருக்கா, இல்லையா

முடிவு வந்ததும் அண்ணனிடம் ஓடினேன். குட்டை மரபணு ஐந்தாம் குரோமோசோமில் இருக்க ரொம்ப வாய்ப்பு, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றேன்.

"இருக்குதுன்றியா, இல்லன்றியா? மழை வருமான்னு கேட்டா ரேடியோல சொல்ற மாதிரியே சொல்றியேம்மா."

கிழக்கோரம்

ஆய்விதழுக்குக் கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. என் முனைவர் பட்டமே அதை நம்பித்தான். பெருமையில் வயல் வரைபடத்தை அண்ணனிடம் காட்டினேன். குட்டைச் செடிகள் எல்லாம் கிழக்கோரமாக இருந்தன.

"அங்க எத நட்டாலும் குட்டதான். அந்தாண்ட உப்புத்தண்ணி ஏறும்" என்றார்.

வரைபடத்தை மறுபடி பார்த்தேன். விதைப் பொட்டலங்களைக் கலைத்து நடச் சொல்லியிருந்தார் சார். அளக்கச் சுலபமாக இருக்கும் என்று நான் எண் வரிசையாக நட்டிருந்தேன். ஒரே மரபணு உள்ள விதைகளுக்கு அடுத்தடுத்த எண்கள். எல்லாம் மொத்தமாகக் கிழக்கே போயிருந்தன. நான் கண்டுபிடித்தது உப்பை.

சாருக்கு போன் செய்து ஒப்புக்கொண்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். போனை வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ கேக்கவே இல்லியேம்மா."

அடுத்த போகம் விதையைக் கலைத்து நட்டதும் அந்த மரபணு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. புதிய கட்டுரையில் நன்றி சொல்லும் பக்கத்தில் ஏழுமலை அண்ணன் பெயர் இருக்கிறது, மரபணுவின் பெயர்தான் எங்கேயும் இல்லை.