சுனாமி மணலில் ஒரு செல்ஃபி பலகை

பழைய சுனாமிகள் கடற்கரையில் விட்டுப்போன மணல் படிவுகளை ஆராய்வது என் வேலை. அப்படியொரு இடத்தைப் பயணிகளுக்குக் காட்டப்போவதாக ஒரு சுற்றுலா நிறுவனம் சொன்னதும் எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அவர்கள் கேட்டபடியே 'சுனாமி செல்ஃபி ஸ்பாட்' என்று தலைப்பிட்டு ஒரு பலகையை வடிவமைத்தேன். அச்சடிக்கப் பூந்தமல்லியில் ஒரு ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன்.

கடையை நடத்தும் பாத்திமா கணினியில் அதைப் படித்தார். "இத நான் அடிக்க மாட்டேன் மேடம்" என்றார்.

"அடிச்சுக் குடுக்கறதுதானே உங்க வேலை?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். "சுனாமி வந்த அன்னிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிருந்தோம். கடல் உள்ள போச்சுன்னு மீன் பொறுக்க ஓடுனான் எங்க அண்ணன். உடம்புகூட கெடைக்கல. அங்க நின்னு சிரிச்சிக்கினு போட்டோ எடுக்கணுமா? தண்ணி உள்ள வாங்குனா மேட்டுக்கு ஓடுன்னு ஒரு வரி இருக்குதா இதுல?"

இல்லை. மணலின் வயது இருந்தது, படிவின் தடிமன் இருந்தது. உயிர் பிழைக்கும் வழி இல்லை.

அங்கிருந்தே நிறுவன அதிகாரிக்கு போன் செய்து, தலைப்பை மாற்றி அந்த எச்சரிக்கையைச் சேர்க்கலாம் என்றேன். "சாவப் பத்தி எழுதினா கூட்டம் வராது மேடம்" என்று சிரித்தார். என் பெயரும் ஆய்வும் அவர்களுக்குக் கிடையாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பாத்திமாவும் நானும் சேர்ந்து, அவர் கேட்ட அந்த வரியை முதலில் வைத்து வேறு பலகை எழுதினோம். அந்தக் கடற்கரையில் வாழும் மீனவக் குப்பத்தினரே இடம் கொடுத்து நட்டார்கள். அந்த அதிகாரி மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் கேட்டது ஒரு தலைப்புதான். யோசிக்காமல் எழுதிக் கொடுத்தவள் நான்.