எனக்காக வாங்கிய துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவித்தால் சிட்லபாக்கத்தில் என்னைப்போல் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. எந்தக் கட்சி ஜெயித்தால் எனக்கென்ன? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். என் வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே தன் ரிவால்வரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

பள்ளிக்கரணைப் பக்கம் மனை வாங்கி விற்ற காலத்தில் ஏதோ தகராறு, மிரட்டல் என்று லைசென்ஸ் எடுத்தார். தொழிலை விட்டுப் பல வருஷமாகிறது, துப்பாக்கியை விடவில்லை. கேட்டால், "உனக்காகத்தான் வெச்சிருக்கேன். திருடன் வந்தா, போலீஸ் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்பார். அடேயப்பா, என்ன அக்கறை! ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த என் கழுத்துச் சங்கிலியைப் பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனானே, அப்போது அது பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் சொகுசாகப் படுத்திருந்தது. எதிர்வீட்டு அம்மா மட்டும் இன்னமும், "உங்களுக்கென்னக்கா, வீட்ல துப்பாக்கியே இருக்கு" என்று பொறாமைப்படுகிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டையென்று அது பீரோவை விட்டு வெளியே வந்தது ஒரே ஒரு தடவை. கூட வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எங்கள் ஒரே மகள் சொன்ன அன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரம். இவர் எழுந்து உள்ளே போய் அதை எடுத்து வந்து ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் வாய் அவளைப் பார்த்திருந்தது.

"இப்ப சொல்லு" என்றார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் இஷ்டப்படியே கல்யாணமும் நடந்தது. ஆனால், "அது அங்க இருக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டாள். "சும்மா வெச்சேன், குண்டுகூட இல்ல" என்று இவர் பிறகு சொன்னாரே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. குண்டு இல்லை என்று இவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

இந்தத் தேர்தலின்போது அவளுக்கு ஏழு மாதம். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போன மறுநாளே நான் போய் அவளை அழைத்து வந்துவிட்டேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று அவளுக்கும் ஆசை. இவரும் மாங்காய், மாதுளை என்று வாங்கிக் குவித்தார். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

ரிசல்ட் வந்தது. சில நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். "நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்துடணும்" என்றார் இவர், சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டே. மகள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம்! காய்கறி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எங்க வீட்டுக்காரர் துப்பாக்கியைத் திருப்பிக் குடுக்காதீங்க சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க பாதுகாப்புக்குத்தானம்மா சார் வெச்சிருக்காரு?"

"யார்கிட்டருந்து சார் பாதுகாப்பு? அது இதுவரைக்கும் நீண்டது நான் பெத்த பொண்ணு முன்னாடிதான்."

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதை எழுதிக் குடுத்தா நடவடிக்கை எடுக்கலாம். ஆனா யோசிச்சுக்கங்கம்மா. அவரோட ஒரே வீட்லதானே இருக்கணும்?"

"இருக்கணும்னுதான் சார் எழுதிக் குடுக்கறேன். என் பொண்ணும் இருக்கணும், பொறக்கப்போற புள்ளையும் இருக்கணும். பேனா குடுங்க."