கொடியின் மடிப்பில் இருந்த மஞ்சள்

பட்டு அசல்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் முப்பது வருடமாகத் துணி பார்ப்பவள் நான். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, சாயம் திட்டாக இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. பட்டு எது, பட்டு மாதிரி எது என்று என் விரலுக்குத் தெரியும். ஆனால் பட்டு அசலாக இருந்தால் கொடியும் அசலாகிவிடுமா? இதைத்தான் என் முதலாளி ஒப்புக்கொள்ள மறுத்தார்.

அவருக்குப் போர்க்காலச் சாமான் சேர்ப்பதில் பைத்தியம். கடையின் மாடி அறை முழுக்க இரும்புத் தொப்பி, நசுங்கிய தண்ணீர்க் குடுவை, பதக்கம், பூட்ஸ். போன வருடம் சென்னை வியாபாரி ஒருவரிடம் ஜப்பான் கொடி ஒன்று வாங்கினார். வெள்ளைப் பட்டு, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்தைச் சுற்றி மையால் எழுதிய பெயர்கள். போருக்குப் போகும் பிள்ளைக்குச் சொந்தபந்தமெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பும் கொடியாம் அது. பர்மா சண்டையில் செத்த ஜப்பான் சிப்பாயிடமிருந்து போளூர்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் எடுத்து வந்தது என்று வியாபாரி சான்றிதழும் கொடுத்திருந்தார். முதலாளி ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தார். முடி கருகின வாடை வந்தது. அசல் பட்டு, அதனால் அசல் கொடி என்று கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதோடு விட்டிருந்தால் எனக்கென்ன போச்சு? மாடியில் கிடக்கட்டும் என்று இருந்திருப்பேன். மனிதர் படமெடுத்து இன்டர்நெட்டில் போட்டார். ஜப்பானில் எண்பது தாண்டிய ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, அது தன் அப்பாவின் கொடி என்று எழுதினார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது போருக்குப் போன அப்பா. எலும்புகூட வீடு வந்து சேரவில்லையாம். அப்பா கொடியோடு நிற்கும் பழைய போட்டோவைப் போட்டு அவர் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். இந்தக் கொடியிலும் அதே எழுத்து. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கொடியைத் திருப்பிக் கொடுக்க விழா, பத்திரிகைக்காரர்கள், பொன்னாடை என்று ஏகப்பட்ட திட்டம் போட்டார்.

அதற்கு முன்னால் ஒரு காலையில், அந்த அம்மாவுக்கு வீடியோவில் கொடியைக் காட்ட ஏற்பாடு. சுருக்கமில்லாமல் விரித்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அதுவரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கொடியை அன்றுதான் தொட்டேன். ஒரு மூலையில் மங்கலாக மஞ்சள் கறை, அதன் நுனி ஓரத்தையலுக்குள் போயிருந்தது. அதற்கும் சான்றிதழில் விளக்கம் இருந்தது: தொப்பிக்குள் மடித்து வைத்ததால் ஏற்பட்ட வியர்வைக் கறை. மூலையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

புதுத்துணி மூலையில் மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு கேட்டு யாராவது ஆர்டர் கொடுத்தால், அதை மொட்டையாக அனுப்ப எனக்கு மனசு வராது. மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் மடிப்பேன். என் மோதிர விரல் நுனி சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிப் பாதி போய்விட்டது. அதனால் நான் வைக்கும் பொட்டு வட்டமாக விழாது, பிறை மாதிரி விழும். இந்தக் கறையும் பிறைதான். விரலை வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

"மொதலாளி, இது நம்ம கடைத் துணிங்க. நான் வச்ச மஞ்சளுங்க இது."

அவர் முகம் கறுத்தது. "பொடவை பாக்கறவ பொடவையைப் பாரு. கொடியைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"கொடி தெரியாதுங்க. என் வெரலு தெரியும்."

"ஜல்தியா விரிச்சிப் புடி. வாயைத் தொறந்தே, நாளைலேர்ந்து கடைக்கு வராதே."

பொய் சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? வாயை மூடிக்கொண்டு விரித்துப் பிடித்தேன்.

திரையில் அந்த அம்மா வந்தார். பஞ்சுத் தலை, சின்ன முகம். பக்கத்தில் மொழிபெயர்க்க, அங்கே வேலை பார்க்கும் வந்தவாசிப் பெண் ஒருத்தி. கொடியைப் பார்த்ததும் அம்மா திரையைத் தடவித் தடவி ஏதோ சொன்னார்.

"அப்பாவோட கல்லறை காலியாவே இருக்குதாம். இது வந்ததும் உள்ள வச்சி மூடிடுவாங்களாம்" என்றாள் அந்தப் பெண்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எவனோ ஒரு படுபாவி அந்த போட்டோவைப் பார்த்து எழுதிய துணியைப் புதைத்துவிட்டு, இந்த அம்மா சாகிறவரை அப்பா அப்பா என்று கும்பிடுவதா?

"வாணாம்மா! இது உங்க அப்பாவுது இல்ல" என்றேன்.

முதலாளி கொடியைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. "இழுங்க, கிழியட்டும்! போனா நம்ம கடைத் துணிதானே!"

அவர் கையை எடுத்துவிட்டார். "எவனாவது பூஜையில மஞ்சள் வச்சிருப்பான். அதுக்குன்னு போலியா?"

நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். மூலையில் ஓரத்தையலை நாலு இடத்தில் வெட்டி மடிப்பைப் பிரித்தேன். வெளிச்சம் படாத உள்பக்கத்தில் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. "தைச்ச மடிப்புக்குள்ள பூந்து வச்சானுங்களா? மஞ்சளு மொதல்ல, தையலு அப்புறம்."

"மஞ்சளே இல்ல அது. வேர்வை!"

அவருக்கு என் வெற்றிலைப் பழக்கம் ஆகவே ஆகாது. அன்று அதுதான் கைகொடுத்தது. டப்பியைத் திறந்து, சுண்ணாம்பைக் கறையில் தடவினேன். செக்கச்செவேலென்று சிவந்தது. ஆரத்தி கரைத்த எந்தப் பொம்பளைக்கும் தெரியும், வேர்வை அப்படிச் சிவக்காது.

வந்தவாசிப் பெண் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். அந்த அம்மா திரைக்குக் கிட்டே வந்து கறையைப் பார்த்தார். பிறகு, அந்த மஞ்சளை எதற்கு வைத்தாய் என்று மட்டும் கேட்டார்.

"எவங்க கைக்குப் போனாலும் அவங்க நல்லா இருக்கட்டும்னு வெக்கறதும்மா."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கடைசியில், நெற்றி மேஜையில் படும்படி எனக்குக் குனிந்து வணங்கினார். "இன்னும் தேடறேன்னு சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் வழக்கம்போல ஒன்பதரைக்குக் கடைக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"வராதேன்னு சொன்னேனே?" என்றார் முதலாளி.

"போலியைக் கண்டுபுடிச்சவளை வெரட்டிட்டீங்கன்னா, அதைப் பண்ணதே நீங்கதான்னு ஊரு பேசுங்க. பேஜாராப் பூடும்."

அவர் முறைத்தார். "இனிமே எந்த வெள்ளைத் துணியிலயும் மஞ்சள் வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"வெப்பேங்க. இத்தினி நாளு ஒரு மூலைலதான் வச்சேன். இனிமே நாலு மூலைலயும் வெப்பேன்."

அன்று மதியமே சென்னையிலிருந்து யாரோ வெள்ளைப் பட்டு கேட்டு ஆர்டர் அனுப்பியிருந்தார்கள். நாலு மூலையிலும் வைத்தேன். கொடி என்றால் சிவப்பு வட்டம் வரும் இடத்தில், நட்டநடுவில், இன்னும் ஒன்று பெரிதாக வைத்தேன்.