கண்ணுக்குத் தெரியாமல் தட்டிய ஒரு வார்த்தை

போன மழைக்காலத்தில், ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் நடந்தது இது. மேல்வீட்டு அக்கா வங்கியில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுப்பார். பல வருடத்துப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒருநாள் மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. வேறு நகல் கிடையாது.

தாம்பரத்தில் ரிப்பேர் கடைக்காரர், "இன்னும் கொஞ்சம் உசுரு கீது மேடம். ஓடுனா அப்பவே காப்பி பண்ணிக்குங்க. நடுவுல ஆஃப் பண்ணா, மறுபடி ஓடும்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டாராம்.

என்னிடம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. டிஸ்கை அதில் மாட்டினேன். ஓடியது! வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து, பின்னணியில் காப்பி ஆகும்படி விட்டேன். அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். வந்து சேர்ந்த ஒரு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், எழுத்து ஃபைலைக் காட்டும் கட்டளையைப் படத்துக்குக் கொடுத்துவிட்டேன். பீப் பீப் என்று ஒரே சத்தம். திரை முழுக்கக் கோடும் கட்டமும். நான் தட்டுகிற எழுத்துகூடக் கிறுக்கலாகத்தான் விழுந்தது. பதற்றத்தில் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போனது.

"இருங்க தம்பி, இருங்க! டிஸ்க்ல லைட் மின்னிட்டுதான இருக்கு? எழுத்து மட்டும்தான் கெட்டுப்போச்சா, வேலையும் நின்னுடுச்சா?" என்றார் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன். விளக்கு விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதாவது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. குழம்பியது திரை மட்டும். போனில் தேடினேன். யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: படத்திலுள்ள ஏதோ சில குறிகளைத் திரை தனக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளும், அதனால்தான் எழுத்து மாறுகிறது, தட்டுவது திரையில் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, reset என்று தட்டுங்கள், போதும்.

ஒருமுறை என்டர். பிறகு அந்த ஐந்து எழுத்து. திரையில் விழுந்தது என்னவோ ஐந்து கிறுக்கல். மறுபடி என்டர்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. சட்டென்று திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது. சுத்தமான ஆங்கில எழுத்து வந்து நின்றது.

"அய்யோ, அதுக்குப் புரிஞ்சிருக்கே!" என்று அக்கா கைதட்டினார்.

சாயங்காலத்துக்குள் காப்பி முடிந்தது. சில படங்கள் போனது போனதுதான், மற்றதெல்லாம் தப்பித்தது. டிஸ்கைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தோம், அது அசையவே இல்லை.

இப்போதும் எதுவாவது குழம்பிப்போனால், அணைத்துப் போடுவதற்கு முன், உள்ளே வேலை நடக்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிடுகிறேன்.