எழுபது டிகிரியில் என் சைவக் குண்டான்

புரட்டாசி மாதம் நான் சைவம். எனக்கென்று ஒரு குண்டானும் ஒரு தட்டும் தனியாக வைத்திருக்கிறேன். மருமகள் வாங்கிய பாத்திரம் கழுவும் மெஷினில் அவற்றைப் போடக் கூடாது என்று சொல்லியும் இருக்கிறேன்.

இன்று காலை மெஷினைத் திறந்தால், மீன் சாப்பிட்ட தட்டுகளுக்கு நடுவில் என் குண்டான்.

"என்னம்மா இது?" என்றேன்.

"எழுபது டிகிரியில ஓடுது அத்தை. ஒரு கிருமி மிஞ்சாது லா."

"கிருமி சாகும். மீன் எங்க போகும்?"

மகன் சமாதானத்துக்கு வந்தான். "சண்ட போடாதீங்க லா. அம்பதுல வைப்போம்." சண்டை சூட்டைப் பற்றியது என்று நினைத்துவிட்டான்.

"நான்தான் நேத்தே கையால கழுவிக் கவுத்து வச்சேனே, அத ஏன் எடுத்த?" என்று மருமகளைக் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க அத்தை. அடியில எண்ணெய் அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நாளாவே நீங்க கழுவுறத எல்லாம் நான் மறுபடி மெஷின்ல போட்டுத்தான் எடுக்கிறேன்."

மெர்போக் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில், அன்னதான அண்டாவை என்னைத் தவிர யாரிடமும் கழுவக் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கை இது.

நான் கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து விரலால் தடவினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் வழுக்கியது.

மதியம் நானே அந்தத் தட்டை மீன் தட்டுகளோடு அடுக்கி மெஷின் கதவைச் சாத்தினேன்.

ஐம்பதா, எழுபதா என்று பட்டனை அமுக்குவதுதான் இனி இந்த அடுப்படியில் என் வேலை. உங்கள் வீட்டில் எத்தனையில் வைக்கிறீர்கள்? யாராவது சொல்லுங்கள், அதையாவது சரியாகச் செய்கிறேன்.